கையால் கட்டும் சைக்கிள்: கிருஷ்ணகிரி பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், சைக்கிள் ஃபிரேம் கட்டும் சிறிய பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். கதவு திறந்திருந்தால் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். எட்டிப் பார்த்தவர் எவரும் ஒரு கேள்வியாவது கேட்காமல் போனதில்லை. கையில் கேஸ் சுடர் இருக்கும்போது நிமிர்ந்து பதில் சொல்ல முடியாது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன், கிண்டலையும் சேர்த்து.

இது பஞ்சர் கடையா, சைக்கிள் விற்கிற கடையா? ஒன்றும் பிடிபடவில்லையே.

இரண்டும் இல்லை. பஞ்சர் ஒட்ட அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். என்னைவிட வேகமாகவும் மலிவாகவும் ஒட்டுவார். நான் செய்வது, ஒருவருடைய உடல் அளவை எடுத்து, அதற்கேற்ப இரும்புக் குழாய்களை வெட்டி இணைத்து ஃபிரேமும் ஃபோர்க்கும் கட்டுவது. பிறகு மற்ற பாகங்களைப் பூட்டி, ஓட்டிப் பார்த்து, முழு சைக்கிளாகக் கொடுப்பேன். தயாராக இருப்பில் ஒன்றும் இல்லை. மூலையில் நிற்பது என்னுடைய சைக்கிள். அது விற்பனைக்கு இல்லை.

கையால் செய்தது என்கிறீர்கள். செயின், டயர், பெடல் எல்லாமே நீங்கள் செய்ததுதானா?

இல்லை. செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் சரியாக அரை அங்குலம் இருக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளில் ஒன்றுகூடப் பிசகக் கூடாது. அது தொழிற்சாலை செய்ய வேண்டிய வேலை. ரிம், ஹப், டயர், பிரேக், பெடல், சீட் எல்லாம் விலைக்கு வாங்குபவைதான். உலகத்தில் எங்கே கையால் ஃபிரேம் கட்டினாலும் இதுதான் வழக்கம். ஸ்போக்ஸ் கம்பி கோத்துச் சக்கரத்தின் கோட்டம் எடுப்பது மட்டும் இங்கேயே நடக்கும். கேட்டால் கேரியரும் செய்து தருவேன்.

சக்கரத்தின் அச்சு உட்காரும் தகடுகளை ஓசூரில் லேசரில் வெட்டி வாங்குகிறேன். டிவிஎஸ், அசோக் லேலண்ட் போன்ற ஆலைகளைச் சுற்றி வளர்ந்த சிறு லேத் பட்டறைகள் அங்கே ஏராளம். நான்கு தகடுதான் வேண்டும் என்றால் முகம் சுளிப்பார்கள். ஆனால் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்தில் ஓசூர் இல்லாவிட்டால் இந்தத் தொழிலை இந்த ஊரில் தொடங்கியிருக்க மாட்டேன்.

கடைக்குப் போனால் பத்து நிமிடத்தில் சைக்கிள் கையில். அதில் என்ன குறை கண்டுவிட்டீர்கள்?

பெரும்பாலானவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே வருகிறவர்களில் பலரை, சீட்டை எவ்வளவு உயர்த்த வேண்டும், ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று சொல்லி, அவர்களுடைய பழைய சைக்கிளோடே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பணம் வாங்குவதில்லை. வியாபாரம் தெரியாதவன் என்று வீட்டில் பேச்சு வாங்குவது தனிக் கதை.

கடைச் சைக்கிள் நடுத்தர உயரக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்யப்படுகிறது. நம் ஊரில் பல மாடல்கள் ஒரே அளவில் வருகின்றன, மிஞ்சினால் இரண்டு. நாலடி பத்து அங்குலப் பெண்ணுக்கும் ஆறடி மூன்று அங்குல ஆணுக்கும் அது பொருந்தாது. கால் குட்டை உடம்பு நெட்டை என்று இருப்பவர்கள், ஒரு கால் சற்றுக் குட்டையானவர்கள், இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தினமும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள், பாரம் ஏற்றுகிறவர்கள் — இவர்களுக்குத்தான் அளவெடுத்துக் கட்டும் சைக்கிள் உண்மையில் தேவைப்படுகிறது. மற்றவர்கள் ஆசைக்காகக் கேட்டால் செய்து தருவேன். ஆனால் அது ஆசை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். இதை வைத்து வேலையைத் தொடங்கலாமே?

முடியாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரின் கால் நீளத்தில் ஐந்து சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்வேன். ஒரு தடித்த நோட்டைக் கால்களுக்கு இடையில் மேலே அழுத்திப் பிடிக்கச் சொல்லி, தரையிலிருந்து அதன் விளிம்பு வரை அளப்பேன். அந்த அளவை 0.883ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் தோராயமாகக் கிடைக்கும். கால் அளவு 80 செ.மீ. என்றால் சீட் உயரம் சுமார் 70.6 செ.மீ. இது தொடக்கப் புள்ளிதான். முழங்கால் வலி உள்ளவருக்கும், குதிகாலைத் தாழ்த்தி மிதிப்பவருக்கும் இது மாறும்.

பிறகு கை நீளம், உடம்பு நீளம், தோள் அகலம், பாத அளவு. அதற்கும் பிறகு, நீளத்தையும் உயரத்தையும் மாற்றக்கூடிய ஒரு நிலையான சைக்கிளில் உட்காரவைத்து மிதிக்கச் சொல்வேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்ப்பேன். அளக்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் விறைப்பாக உட்கார்ந்துவிடுகிறார்கள். பேச்சு மும்முரமானதும்தான் முதுகு தன் வழக்கமான வளைவுக்கு வரும். நான் குறித்துக்கொள்வது அந்த அளவைத்தான்.

ஃபிரேமில் இன்னொரு கணக்கும் உண்டு. ஹேண்டில்பார் நுழையும் தலைக் குழாய் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, ஃபோர்க் எவ்வளவு முன்னால் வளைகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் சைக்கிள் நேராக ஓடுமா, தொட்டவுடன் திரும்புமா என்பதை முடிவு செய்கின்றன. 72 டிகிரிச் சாய்வும் 45 மில்லிமீட்டர் வளைவும் கொண்ட பெரிய சக்கரச் சைக்கிளில், திருப்பும் அச்சைத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சுமார் 6 சென்டிமீட்டர் முன்னால் விழும். அந்த ஆறு சென்டிமீட்டரைக் கூட்டினால் நிதானம், குறைத்தால் துடிப்பு. பழைய 28 அங்குலக் கறுப்புச் சைக்கிள் குண்டும் குழியுமான சாலையில் யானை போல் அசையாமல் போனதற்குக் காரணம், அதன் சாய்ந்த தலைக் குழாயும் நீண்ட உடம்பும்தான்.

இந்தக் காலத்திலும் இரும்பா? கார்பன், அலுமினியம் என்று உலகம் எங்கேயோ போய்விட்டதே.

போகட்டும். பந்தயம் ஓட்டுகிறவருக்குக் கார்பன் இழை ஃபிரேம் சரி. சர்வதேசப் பந்தயங்களில் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி வைக்கும் அளவுக்கு அதில் எடை குறைக்க முடிகிறது. ஆனால் அதற்கு வடிவ அச்சும் அடுப்பும் வேண்டும். ஒருவருக்காக ஓர் அச்சு செய்தால் கட்டுப்படியாகாது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் குழாயைப் பருமனாக்க வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியம், பற்றவைத்த பிறகு பெரும்பாலான அலுமினிய ஃபிரேம்களுக்குச் சூளையில் வெப்பப் பதம் கொடுத்தாக வேண்டும். என் பட்டறையில் அது நடக்காது.

எஃகைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம் உண்டு. அஞ்செட்டிப் பக்கம் போகும்போது ஃபிரேமில் விரிசல் விட்டால், டிராக்டர் பட்டறையில் கேஸ் வைத்திருப்பவர் ஒருவர் தற்காலிகமாகவாவது ஒட்டி உங்களை வீடு கொண்டுவந்து சேர்ப்பார். கார்பனுக்கு அந்தப் பேச்சே இல்லை.

கனமாக இருக்காதா? எங்கள் தாத்தா சைக்கிளைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

தாத்தாவின் சைக்கிள் தடித்த சாதாரண எஃகு. முழு எடை 20 கிலோவைத் தொடும். நான் பயன்படுத்துவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 என்ற எஃகு. அதில் குரோமியம் சுமார் 1%, மாலிப்டினம் 0.2%, கார்பன் 0.3%. உறுதி அதிகம் என்பதால் குழாயின் சுவரை மெல்லியதாக வைக்கலாம். இரு முனைகளிலும் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 மில்லிமீட்டர் என்று தடிமன் மாறும் குழாய்களும் கிடைக்கின்றன. இணைப்புச் சூட்டையும் முனை அழுத்தத்தையும் தாங்கவே அந்தக் கூடுதல் தடிமன். இந்த முறைக்கு இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1897இலேயே காப்புரிமை பெற்றுவிட்டது. இப்படிக் கட்டிய ஃபிரேம் சுமார் 2 கிலோ இருக்கும். கியர், மட்கார்டு, கேரியரோடு முழுச் சைக்கிள் 12, 13 கிலோ.

விலை உயர்ந்த குழாய் என்றால் வளையாமல் விறைப்பாக இருக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். எஃகு எந்தக் கலவையானாலும் அதன் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். நல்ல கலவை உடைவதற்கு முன் அதிகம் தாங்கும், அவ்வளவே. விறைப்பு வேண்டுமானால் குழாயின் விட்டத்தைக் கூட்ட வேண்டும். எண்பது கிலோவுக்கு மேல் இருப்பவர்களுக்கு அதைத்தான் செய்கிறேன்.

நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் நாலாயிரம் வருட இரும்பு கிடைத்ததே, அந்தப் பரம்பரையா நீங்கள்?

ஆசிரியர் ஒருவர் மாணவர்களை அழைத்து வந்தபோது கேட்டது. மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். பெருமையான செய்திதான். ஆனால் என் குழாய் லாரியில் வருகிறது, பில்லோடு. அதற்கும் எனக்கும் முடிச்சுப் போட்டு விலையை ஏற்றச் சொல்கிறார்கள் நண்பர்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வெல்டிங் வைத்தால் அரை நாள் வேலை. பித்தளையை உருக்கி ஊற்றிக்கொண்டு ஏன் நாட்களை ஓட்டுகிறீர்கள்?

வெல்டிங்கில் குழாயே உருகி ஒன்றோடொன்று சேரும். அதற்கு எஃகை 1400 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோக வேண்டும். நான் செய்யும் பிரேசிங் முறையில் குழாய் உருகாது. இடைவெளிக்குள் பித்தளை மட்டும் சுமார் 900 டிகிரியில் உருகி ஓடும். வெள்ளி கலந்த கம்பி என்றால் 650 டிகிரியே போதும். மெல்லிய சுவருள்ள குழாய்க்கு இந்த வித்தியாசம் பெரியது. டிக் வெல்டிங்கும் நல்ல முறைதான். தொழிற்சாலை எஃகு ஃபிரேம்கள் பலவும் அப்படித்தான் வருகின்றன. என் கைக்குப் பழகியது சுடர். பிறகொரு நாள் ஒரு குழாய் நசுங்கினால், இணைப்பைச் சூடாக்கி அந்தக் குழாயை மட்டும் கழற்றி மாற்றவும் முடியும்.

நாட்கள் போவது சுடரில் இல்லை, அரத்தில். ஒரு குழாய் இன்னொரு குழாயின் வளைவில் சாயாமல் உட்கார வேண்டுமானால், அதன் வாயை வளைவாக அராவ வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கீற்றுகூடத் தெரியக் கூடாது. குழாய் முனைகள் நுழையும் மூட்டு உறையோடு இணைக்கும்போது குழாய்க்கும் உறைக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டால், உருகிய உலோகம் தானாகவே உள்ளே இழுக்கப்பட்டுச் சுற்றிலும் பரவும். இடைவெளி அதிகமானால் மேலே அழகாகத் தெரியும், உள்ளே வெறுமையாக இருக்கும். வெல்டிங்கில் இடைவெளியை நிரப்பிவிடலாம் என்ற தைரியத்தில் அராவும் வேலையைச் சுருக்கிய ஃபிரேம்கள்தான் பின்னால் விரிசல் விடுகின்றன.

பொற்கொல்லர்கள் வைக்கும் அதே வெங்காரம்தான் இங்கேயும் அடிப்படை. சூட்டில் இரும்பின் மேல் கருக்குப் படியாமல் காப்பது அது. வேலை முடிந்ததும் கண்ணாடிபோல் இறுகிக்கொள்ளும். வெந்நீரில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். குழாய்களுக்குள் சிறு துளைகள் இட்டிருப்பதைப் பார்த்து ஓட்டை ஃபிரேம் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். மூடிய குழாயைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, உருகிய பித்தளையைப் பீய்ச்சி வெளியே தள்ளிவிடும். அதற்கு வழி விடத்தான் துளை.

கண் பார்வையில் கட்டுகிறீர்களே, ஃபிரேம் நேராக இருக்கிறது என்று எப்படி நம்புவது?

கண்ணை நானும் நம்புவதில்லை. பட்டறை நடுவில் இருக்கும் கருங்கல் மேசையைப் பாருங்கள். இந்த மாவட்டத்துக் கிரானைட் உலகமெல்லாம் போகிறது. எனக்கு வேண்டியது ஒரு பலகை. தரைக்குப் போடும் மெருகேற்றிய கல் இதற்குப் போதாது. பளபளப்பு வேறு, சமதளம் வேறு. இது தேய்த்து, அளந்து, மட்டம் பார்க்கப்பட்ட கல். வெயிலுக்கு இரும்பு மேசை விரிவதைவிடக் கல் குறைவாகவே விரியும். பெடல் அச்சு ஓடும் பிபி குழலை இதன்மேல் நிறுத்தி, அங்கிருந்து எல்லாக் குழாய்களையும் அளக்கிறேன்.

நீங்களே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன், எந்தச் சைக்கிளுக்கும் பொருந்தும். பின்சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். ஒரு நூலைப் பின்பக்கத் தகடு ஒன்றில் கட்டி, தலைக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கத் தகட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையிலுள்ள தூரத்தை இருபக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் போனால் பரவாயில்லை. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், கையை விட்டு ஓட்டும்போது சைக்கிள் ஒரு பக்கமாக இழுக்கும்.

கியர் வைக்க வேண்டுமா? எங்கள் காலத்தில் கியரா இருந்தது?

எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காவேரிப்பட்டணம் வரை போய் வருகிறவருக்குக் கியர் வேண்டாம். ஒற்றைப் பல்சக்கரம் போதும், பராமரிப்பும் குறைவு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை என்று மேட்டு ஊர்களுக்குப் போகிறவர் என்றால் கதை வேறு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் போய்ச் சேரும்போது ஏறத்தாழ நானூறு மீட்டர் உயரம் ஏறியிருப்பீர்கள். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள பழைய சைக்கிள் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நகரும்; மேட்டில் அது முழங்காலைத்தான் பதம் பார்க்கும். முன்னால் 30, பின்னால் 32 என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர். மெதுவாகப் போகலாம், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியதில்லை.

ஏறினால் இறங்கவும் வேண்டும். தர்மபுரிக்காரர்கள் தொப்பூர் இறக்கத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். லாரிகளே பிரேக் பிடிக்காமல் திணறும் அந்த இடத்தில் சைக்கிளில் போகாதீர்கள் என்பதே என் பதில். மற்ற இறக்கங்களுக்கு, குரோம் பூசிய இரும்பு ரிம்மும் பிரேக் கட்டையும் மழையில் வழுக்கும்; அலுமினிய ரிம் வாங்குங்கள், முடிந்தால் டிஸ்க் பிரேக்.

சக்கரம் எந்த அளவு நல்லது?

உங்கள் ஊர்க் கடையில் எந்த டயர் தொங்குகிறதோ அந்த அளவு.

விளையாட்டாகச் சொல்லவில்லை. பழைய 28 அங்குலச் சக்கரத்தின் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இப்போது நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் கேட்கும் 700சி சக்கரத்தில் 622. பதின்மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் ஒன்றின் டயர் மற்றொன்றுக்குச் சேராது. முதலாவது பென்னாகரம் சந்தையிலும் கிடைக்கும். இரண்டாவதற்குப் பெங்களூர் போக வேண்டியிருக்கலாம். கிராமத்தில் இருந்துகொண்டு 700சி கேட்பவரிடம் இரண்டு டயர் கூடுதலாக வாங்கி வீட்டில் வைக்கச் சொல்கிறேன்.

ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றிப்போக ஒன்று செய்ய முடியுமா?

முடியும், எனக்குப் பிடித்த வேலையும் அதுதான். பாரத்தைப் பின்னால் உயரத்தில் வைத்தால் சைக்கிள் ஆடும். பின்சக்கரத்தைச் சற்றுப் பின்னே தள்ளி, கேரியரைத் தாழ்த்தி, ஃபிரேமோடு சேர்த்தே இணைத்துவிடுவேன். 40 கம்பி உள்ள பின்சக்கரம், தடித்த டயர், இரட்டைக் கால் ஸ்டாண்ட். பழைய சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 என்று கம்பி வைத்தது காரணத்தோடுதான். பின்சக்கரம்தான் சுமக்கிறது. இரண்டு பெட்டிவரை கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம். மூன்றாவது வேண்டுமானால் மூன்று சக்கர வண்டியைப் பாருங்கள்.

பெண்களுக்கு வேறு மாதிரி ஃபிரேம் வேண்டுமா?

உடலுக்கு வேண்டாம், உடைக்கு வேண்டியிருக்கலாம். அளவெடுப்பது மேலே சொன்னபடிதான். புடவையோடு ஓட்டுகிறவர்களுக்கு மேல் பாரைத் தாழ்த்த வேண்டும். ஆனால் பாரைத் தாழ்த்தினால் முக்கோணம் கெட்டு ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும். அதற்கு, தலைக் குழாயிலிருந்து பின்தகடு வரை இரண்டு மெல்லிய குழாய்களைச் சீட் குழாயின் இருபுறமும் ஓட்டுவது ஒரு வழி. கொஞ்சம் எடை கூடும். முதியவர்களும் இதையே கேட்கிறார்கள். காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை அல்லவா.

பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள் என் மகளுக்கு எட்டவில்லை. புதிதாகக் கட்டித் தருகிறீர்களா?

பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைக்கா? வேண்டாம் அம்மா. சீட் கம்பியை ஓர் அங்குலம் அறுத்து இறக்கி, ஹேண்டில்பாரைப் பின்னால் வளைந்த வகையாக மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வளர்கிற வயதில் அளவெடுத்துக் கட்டினால் அந்தக் காசு வீண். ஒரு சனிக்கிழமை கொண்டுவாருங்கள், அங்கேயே பார்த்துவிடலாம்.

விலையைக் கேட்டால் ஏன் மழுப்புகிறீர்கள்?

பாகங்களின் விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதனால் எண்ணை எழுதி ஒட்டுவதில்லை. தோராயமாகச் சொல்வதென்றால், ஒரு சாதாரண புது பைக்கின் விலையில் பாதிக்குக் குறையாது. கியர், டிஸ்க், இறக்குமதிக் குழாய் என்று போனால் முழு பைக்கின் விலையைத் தொடும். செலவில் பாதி நான் செய்யாத பாகங்களுக்கே போகிறது. குழாய்க்கு ஒரு சிறு பங்கு. மீதி கேஸ், வெள்ளிக் கம்பி, பெயின்ட், என் கூலி. விலை குறைக்கச் சொல்பவர்களிடம் ஃபிரேமைத் தொடாமல் பாகங்களை இறக்கச் சொல்வேன். சாதாரண பெடலைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அளவு தப்பிய ஃபிரேமை மாற்ற முடியாது.

எத்தனை நாள் ஆகும் என்பது இதன் தங்கைக் கேள்வி. ஒரே சமயத்தில் ஒரு ஃபிரேம்தான் கட்டுகிறேன். வரிசையைப் பார்த்துத் தேதி சொல்வேன். மாங்காய்ப் பருவத்தில் கேட்காதீர்கள்; பெயின்ட் அடிப்பவர் தோப்புக்குப் போய்விடுவார்.

துருப் பிடித்துவிடாதா?

வெளியே பெயின்ட் காக்கும். பவுடர் பூச்சு கேட்டால் 180, 200 டிகிரியில் சுட வேண்டும். இணைப்புகள் இளகும் சூட்டுக்கு அது வெகு தூரம், பயப்பட வேண்டியதில்லை. துரு தொடங்குவது உள்ளே. சீட் கம்பி வழியாகவும் மேலே சொன்ன துளைகள் வழியாகவும் இறங்கும் தண்ணீர் பிபி குழலில் தேங்கும். அதன் அடியில் ஒரு துளை விட்டிருக்கிறேன். சேறு அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளிவிதை எண்ணெயைக் குழாய்க்குள் ஊற்றிப் புரட்டிக் காயவிட்டால் உள்ளே ஒரு படலம் படியும். கடற்கரை ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் இதை அவ்வப்போது மறுபடி செய்வது நல்லது. நம் ஊர் வறண்ட காற்றில் அவ்வளவு அவசரம் இல்லை. வியர்வை சொட்டும் மேல் பாரை மட்டும் துடையுங்கள்.

ஓடும்போது உடைந்தால் யார் பொறுப்பு?

இணைப்பு விட்டால் நான். மோதி வளைந்தால் நீங்கள். நல்ல எஃகு ஃபிரேம் பெரும்பாலும் சொல்லாமல் உடைவதில்லை. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழான அழுத்தத்தை எத்தனை லட்சம் முறை கொடுத்தாலும் தளராது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. அதனால்தான் கட்டும்போதே அழுத்தத்தை அந்த எல்லைக்குக் கீழே வைக்கப் பார்க்கிறேன். தலைக் குழாய்க்குப் பின்னால் கீழ் பார் இணையும் இடத்தைக் கழுவும்போதெல்லாம் பாருங்கள். முன்னால் மோதினால் முதலில் சுருங்குவது அங்கேதான். பெயின்டில் மயிரிழைபோல் கோடு தெரிந்தால் ஓட்டாமல் கொண்டுவாருங்கள்.

ஃபோர்க் விஷயத்தில் மட்டும் சமரசம் இல்லை. வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தித் தரச் சொன்னால் மாட்டேன். பின்பக்கம் உடைந்தால் உட்கார்ந்துவிடுவீர்கள். ஃபோர்க் உடைந்தால் முகம் தரையில்.

மோட்டார் வைத்துக் கொடுங்களேன், பெட்ரோல் மிச்சம்.

சட்டப்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பதிவும் உரிமமும் வேண்டாம். அதற்கு மேல் போனால் நான் தொட மாட்டேன். சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டார் தன் அச்சையே எதிர்ப்பக்கம் முறுக்கப் பார்க்கும். சாதாரணத் தகட்டின் வாய் விரிந்துவிடும், அச்சு சுழன்று வயரை அறுத்துவிடும். முதலிலேயே சொன்னால் தகட்டைத் தடிமனாக வெட்டச் சொல்வேன். பிறகு யோசனை வந்தால் முறுக்கைத் தாங்கும் கை ஒன்றைப் பொருத்த வேண்டும்.

ஒகேனக்கல்லில் பரிசலே மூங்கிலில் மிதக்கிறது. மூங்கில் சைக்கிள் செய்ய முடியாதா?

முடியும். பல நாடுகளில் செய்கிறார்கள், நன்றாகவும் ஓடுகிறது. மூங்கிலை உலர்த்தி, துளைக்கும் பூச்சி வராமல் பதப்படுத்தி (அதற்கும் வெங்காரம் உதவும்), மூட்டுகளை நாரும் எபாக்ஸிப் பசையும் சுற்றி இறுக்க வேண்டும். தலைக் குழாயும் பிபி குழலும் எப்படியும் உலோகம்தான். நான் செய்யாததற்குக் காரணம் ஒன்றே: ஒவ்வொரு மூங்கிலும் ஒவ்வொரு விதம். எது எவ்வளவு தாங்கும் என்று அளந்து சொல்லும் அறிவு எனக்கு இல்லை. அளக்கத் தெரியாத ஒன்றின்மேல் உங்களை உட்காரவைக்க மாட்டேன்.

அப்பாவின் பழைய சைக்கிள் பரணில் கிடக்கிறது. குழாயை எடுத்துப் புது சைக்கிள் கட்டலாமா?

கட்ட வேண்டாம். அந்தக் குழாய் எடையில் பெரியது, உறுதியில் சிறியது. அறுத்தால் உங்களுக்கு அப்பாவின் சைக்கிளும் இருக்காது, நல்ல புது சைக்கிளும் கிடைக்காது. அதை அதுவாகவே ஓடவையுங்கள். பேரிங் குண்டுகள், கோன், கப், காட்டர் பின், கம்பிகள் எல்லாம் இன்னும் விற்பனையில் உள்ளன. பிபி குழலின் வலப்பக்கத்தில் குண்டுகள் உட்காரும் கப்பைக் கழற்றும்போது மட்டும் கவனம்: பெரும்பாலான பழைய சைக்கிள்களில் அது எதிர்மறை மரை. வழக்கம்போல் இடமாகத் திருப்பினால் மேலும் இறுகும். வலமாகத் திருப்பினால்தான் வரும். மிதிக்கும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. இது தெரியாமல் சுத்தியலால் அடித்து நாசமாக்கிய பிபி குழல்களோடு வருகிறவர்கள் அதிகம். முன்மட்கார்டில் பஞ்சாயத்தோ நகராட்சியோ கொடுத்த வரி வில்லை ஒட்டிக்கொண்டிருந்தால் பெயின்ட் அடிக்கும் முன் கழற்றி வையுங்கள்.

பையனை அனுப்பட்டுமா? தொழிலைக் கற்றுக்கொடுப்பீர்களா?

பதினெட்டு வயது ஆகியிருந்தால் அனுப்புங்கள். முதலில் சுடர் கிடையாது. உபரிக் குழாயையும் அரை வட்ட அரத்தையும் கொடுத்து, வாய் அராவச் சொல்வேன். நான் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். கீற்று தெரிந்தால் திரும்ப அராவ வேண்டும். பாதிப் பேர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை.

கேஸ் சிலிண்டரைக் கையாளுவது அடுத்த பாடம். அசிட்டிலின் சிலிண்டரைப் படுக்கவைத்துத் திறக்கக் கூடாது, ஆக்சிஜன் வால்வில் எண்ணெய்க் கை படக் கூடாது. வெள்ளிக் கம்பி வாங்கும்போது கேட்மியம் இல்லாததா என்று பார்க்க வேண்டும். கேட்மியம் கலந்த கம்பியின் புகை நுரையீரலைக் கெடுக்கும், விலை குறைவு என்று அதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இவை பிடிபட்ட பிறகுதான் சுடர். ஞாயிற்றுக்கிழமை கட்டும் வேலை நடக்காது, பட்டறை மட்டும் திறந்திருக்கும். பையனை அன்று காலை வரச் சொல்லுங்கள். நைலான் சட்டை வேண்டாம், பருத்திச் சட்டை. காலில் செருப்பு வேண்டாம், ஷூ.